எனக்கென்று ஒரு துண்டுக் காணி



என் அம்மா பிறந்த இடத்தில் விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வருமாம். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தலையில் கம்பளியும் இடுப்பில் சாக்குமாகப் பனிக்குள் மலையேறிக் கொழுந்து பறித்தவர் அவர். சிறுவயதில் வன்னி வெயிலில் நாங்கள் வாடி நிற்கும்போதெல்லாம் அந்தக் குளிரைப் பற்றிக் கதை சொல்லுவார். கதையின் முடிவு எப்போதும் ஒன்றுதான்.

"லயத்துக்கு முன்னுக்கு நாலு ரோசாச் செடி வச்சிருந்தேன் புள்ள. அந்த மண்ணும் தொரையோட மண்ணுதான்."

கோப்பிக் காலம் தொடங்கி அந்த மலைகளைத் தோட்டமாக்கிய மக்களுக்கு அங்கே ஓரடி நிலமும் சொந்தமாக இருக்கவில்லை. 1948 இல் வந்த சட்டம் அவர்களிற் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் பறித்தது. 1977 ஆகஸ்டில் கலவரம் மூண்டபோது, அம்மாவும் அப்பாவும் உடுத்த உடுப்புடன் கிளிநொச்சிக்கு வந்தார்கள். காட்டை வெட்டினார்கள், குடிசை போட்டார்கள். நான் பிறந்ததும் அந்தக் குடிசையில்தான். ஆனால் அந்தக் காணிக்கும் எங்களிடம் ஒரு தாளும் இருக்கவில்லை.

2009 இல் என் கணவர் காணாமற்போனார். மெனிக் பாமில் இருந்து 2010 இல் திரும்பி வந்து, அண்ணன் வளவின் ஒரு மூலையில் தறப்பாள் கட்டினேன். தறப்பாள் பிறகு தகரமானது, தகரம் பிறகு கல்வீடானது. ஆனால் வளவு அண்ணனுடையதுதான். அண்ணன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் ஒரு முருங்கைத் தடி நடுவதென்றாலும் அண்ணியிடம் கேட்டுத்தானே நடவேண்டும்! இந்த நிலையில் இருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல வருவது விளங்கும்.

ஆடு வளர்த்தேன். சீட்டுக் கட்டினேன். தையல் தைத்தேன். மகளும் உழைக்கத் தொடங்கியபின் கையில் எட்டு இலட்சம் ரூபா சேர்ந்தது. 2024 தைப்பொங்கல் முடிந்த கையோடு காணி பார்க்கப் புறப்பட்டேன்.

ஏன் அக்கராயன் என்று பலர் கேட்டார்கள். 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது அக்கராயனில்தான் ஒரு பாலைமரத்தின்கீழ் கொட்டில் போட்டிருந்தோம். அந்த ஊர்ச் சனம் தங்கள் கிணற்றில் அள்ளவிட்டது. அந்தத் தண்ணீரின் ருசி மறக்கவில்லை. கிளிநொச்சிப் பட்டினத்தில் பஸ் ஏறினால் கோணாவில், ஸ்கந்தபுரம் கடந்து போகவேண்டும். பட்டினத்துக்குத் தூரம்தான். தூரம் என்றபடியால்தான் என் காசுக்குக் கட்டுப்படியாகும் என்றும் நினைத்தேன்.

குளக்கரையில் ஒரு கனவு

தரகர் முதலில் காட்டிய காணியைப் பார்த்ததும் என் மனம் பறிபோய்விட்டது. அக்கராயன் குளத்துக்குக் கிட்ட, மருதமர நிழல், குளத்துக் காற்று, கால் வைத்தால் புதையும் நல்ல மண். விலையும் மலிவு.

"வீட்டில ஆம்பிளையள் ஒருதரும் வரேல்லையோ?" என்று தரகர் கேட்டார்.

"காசு என்னட்டத்தான் இருக்கு. நான்தான் பாக்கிறன்" என்றேன்.

அன்று முற்பணம் கொடுத்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். பக்கத்து வளவில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, உது குளத்தின்ர ஒதுக்குக் காணி. உதை ஒருதரும் விக்கேலாது."

குளத்தின் ஓரம், வாய்க்காலின் ஓரம், வீதியின் ஓரம் எல்லாவற்றிலும் அரசு ஒதுக்கி வைத்த நிலம் உண்டு. அதில் எத்தனை வருடம் பயிர் செய்தாலும் விற்க உரிமை வராது. மறுநாள் கிராம அலுவலரிடம் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். காணியைப் பார்த்தால், திரும்பும் வழியில் அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டுப் படலையையாவது தட்டிக் கேட்பேன். தரகர் சொல்லாததை அயல் சொல்லும்.

அதே கிழமையில் ஒரு வயற்காணியும் வந்தது. மண் போட்டு நிரவி வீடு கட்டலாம் என்றார்கள். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரவவோ வேறு தேவைக்கு மாற்றவோ அனுமதி வேண்டும். கமநல சேவை நிலையத்தில் விசாரித்துவிட்டு அதையும் விட்டுவிட்டேன். வயல் வயலாக இருக்கட்டும், எனக்குத் தேவை மேட்டுக்காணி.

பெர்மிற் என்பது உறுதி அல்ல

கிளிநொச்சி மாவட்டத்தில் பெருமளவு காணி குடியேற்றத் திட்டங்களின் கீழ் அரசு கொடுத்தது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதிப்பத்திரம், அதாவது நாம் சொல்லும் பெர்மிற், கொடுப்பார்கள். நிபந்தனைப்படி திருத்திக் குடியிருந்தால் பிறகு அளிப்புப் பத்திரம் கிடைக்கும். பெர்மிற் காணியை விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றுவதென்றாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சி வைத்து, பெர்மிற் காணிகள் கைமாறுகின்றன. மூன்றாவதாக நான் பார்த்த காணி அப்படிப்பட்டதுதான். "எல்லாரும் இப்பிடித்தான் வாங்கியிருக்கினம்" என்றார்கள். எல்லோரும் வாங்கியிருக்கலாம். நாளைக்குப் பெர்மிற்காரரின் பிள்ளை வந்து எழும்பச் சொன்னால் எந்தத் தாளைக் காட்டுவது? 1840 ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் காணி விற்பனை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட உறுதியில்தான் செல்லும். வெள்ளைத்தாள் காசு கொடுத்ததற்குச் சாட்சியாகலாம். காணிக்குச் சாட்சியாகாது.

பெர்மிற் காணியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பின்னுரித்தாளி பெயர் குறிக்கப்படாமல் பெர்மிற்காரர் இறந்தால், ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்று முன்பு சட்டத்தில் இருந்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. "நீ பொம்பிளைப் பிள்ளை, உனக்கில்லை" என்று யாராவது சொன்னால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.

கனடாக்காரரின் வளவு

நான்காவது காணிக்குச் சொந்தக்காரர் கனடாவில். அற்றோணித் தத்துவம் ஒரு உறவினரிடம் இருந்தது. உறுதி சரி, வரைபடம் சரி. ஆனால் வளவுக்குள் ஒரு குடும்பம் இருந்தது. மீளக்குடியேறிய காலத்தில் வந்து, பற்றை வெட்டிக் குடிசை போட்டவர்கள். காய்க்கும் தென்னை ஐந்து நின்றது. கிணறும் அவர்கள் வெட்டியதே.

"அதுகள எழுப்பிறது என்ர பொறுப்பு" என்றார் விற்க வந்தவர்.

சட்டத்தில் இருபக்க நியாயமும் உண்டு. உரிமையாளரை ஏற்றுக்கொள்ளாமல் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் உரித்துக் கோரலாம் என்பது பழைய சட்டம். போரினால் தம் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு அது அநியாயமாகக் கூடாது என்று, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016 இல் சிறப்புச் சட்டம் வந்தது. இங்கே யார் பக்கம் வெல்லும் என்பது நீதிமன்றம் சொல்லவேண்டியது.

ஆனால் நான் நீதிமன்றத்தை நினைத்துத் திரும்பவில்லை. அந்தக் குடிசை வாசலில் என் வயதுக்காரி ஒருத்தி நின்றாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்தபோது எனக்கு எங்கள் அம்மாவின் முகம் வந்தது. மற்றவரின் மண்ணில் செடி நட்டவர்கள்தானே நாங்களும். அவர்களை எழுப்பிவிட்டு எனக்கு ஒரு காணி வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

தண்ணீர் சொல்லும் உண்மை

செப்ரெம்பரில் ஐந்தாவது காணி வந்தது. அரை ஏக்கர், நம் கணக்கில் எட்டுப் பரப்பு. உறுதிக்காணி. விற்பவரும் ஒரு பெண். அவரை அக்கா என்றே எழுதுகிறேன்.

காணி பார்க்க நல்ல காலம் கோடையின் கடைசி. மாரியில் எல்லாக் காணியும் பச்சை, எல்லாக் கிணறும் நிறைவு. செப்ரெம்பரில்தான் கிணறு பொய் சொல்லாது. அக்காவின் கிணற்றில் அடியில் ஆறு அடித் தண்ணீர் நின்றது. அயல் கிணறுகள் இரண்டையும் எட்டிப் பார்த்தேன், அங்கும் தண்ணீர் இருந்தது. ஒரு போத்தலில் நிரப்பி வந்து வீட்டில் தேத்தண்ணி வைத்தேன், சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன். நுரைத்தது. சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்தால் அது கடினத் தண்ணீர். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிந்தாலும் அப்படித்தான்.

மண்வெட்டியால் முழங்கை ஆழத்துக்கு மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தேன். மேலே செம்மண், கீழேயும் செம்மண். கல் தட்டவில்லை. ஈர மண்ணை உருட்டினால் உருண்டை நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். களியாக ஒட்டினால் மாரியில் தண்ணீர் தேங்கும், உருளவே மறுத்தால் மரக்கறிக்குத் தண்ணீர் இறைத்து முடியாது. யானை, பன்றி வருமா, குரங்கு எவ்வளவு என்று அயலில் கேட்டேன். கண்ணிவெடி அகற்றிக் கையளித்த இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்டேன். 2009 முடிந்து இத்தனை வருடமாகியும் வடக்கில் அந்த வேலை முற்றாக முடியவில்லை. இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

நவம்பர் கடைசியில், புயல் மழை கொட்டி ஓய்ந்த மறுநாள், யாருக்கும் சொல்லாமல் திரும்பப் போனேன். காணிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. ஒழுங்கையில் மட்டும் கணுக்கால் அளவு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் எதுவரை வந்தது என்று முன்வீட்டு ஐயாவிடம் கேட்டேன். மதிலில் இருந்த கறையைக் காட்டினார். அந்த மட்டத்துக்கு அக்காவின் வீட்டு மேடை மேலேதான் இருந்தது. என் மனம் நிறைந்தது.

ஒரு கையெழுத்து

ஆனால் நொத்தாரிசு தலையை ஆட்டினார்.

அந்தக் காணி அக்காவின் சீதனக் காணி. உறுதி அவருடைய பெயரில். ஆனாலும் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் அது. அக்காவின் கணவரோ 2009 இல் காணாமற்போனவர். என் கணவரைப் போலவே.

"மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுகமா முடியும்" என்று ஒருவர் ஆலோசனை சொன்னார்.

அக்கா அந்த இடத்திலேயே எழுந்துவிட்டார். "காணி விக்கிறதுக்காக அவர் செத்திட்டார் எண்டு நான் கையெழுத்துப் போடமாட்டன். பிள்ளையின்ர படிப்புக்குத்தான் காசு தேவை. அதுக்காக இதைச் செய்யமாட்டன்."

நான் என்ன சொல்வது? பதினைந்து வருடமாக நானும் அதே தாளுக்குத்தான் கைவைக்காமல் இருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வழி இருந்தது. கணவன் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்று அதே 1911 சட்டத்தில் இருக்கிறது. அத்தோடு, மரணம் என்று சொல்லாமல், ஆள் காணாமற்போயுள்ளார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அக்கா அந்தச் சான்றிதழை எடுத்தார். வழக்குப் போட்டார். தரகர் என்னிடம், "ஒரு ஒப்பந்தத்தை எழுதிக் காசக் குடுத்திட்டு இப்பவே குடிபோங்கோ" என்றார். நான் நொத்தாரிசு முன்னிலையில் எழுதி இருபத்தையாயிரம் மட்டும் முற்பணம் கொடுத்தேன். மிகுதி உறுதி முடியும் நாளில் என்றேன்.

காத்திருந்த காலத்தில் பயமும் வந்தது. 2025 மார்ச்சில் ஒரு வர்த்தமானி வெளியானது. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணியாகிவிடும் என்றது அது. கிளிநொச்சியில் மட்டும் 515 ஏக்கர். ஓடிப்போய் விசாரித்தோம், அக்காவின் காணி அதற்குள் இல்லை. எதிர்ப்புகளுக்கும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளைக்கும் பிறகு அந்த வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. ஆனால் போரில் உறுதியைத் தொலைத்த எத்தனை பெண்கள் அந்த மூன்று மாதமும் நித்திரையின்றி இருந்திருப்பார்கள்! நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகின்றது. கையிலிருந்த உறுதி தொலைந்தவர்கள் அங்கே தேடி, உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். வர்த்தமானி வரும்வரை காத்திராமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

2025 செப்ரெம்பரில் நீதிமன்ற அனுமதி கிடைத்தது. ஒக்ரோபரில் உறுதி எழுத உட்கார்ந்தோம். எழுதும் முன் அண்ணன் கேட்டார், "தம்பியின்ர பெயரில எழுதினால் என்ன? ஆம்பிளைப் பிள்ளைதானே." தம்பி என்றது என் மகனை. அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இத்தனை வருடம் எனக்கு நிழல் தந்தவர். ஆனால் மகன்தான் முதலில் வாய் திறந்தான். "அம்மாவின்ர பெயரில எழுதுங்கோ மாமா. அவதானே பாத்தவ."

அக்கா கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். இரண்டு சாட்சிகளும் போட்டார்கள். கணவரின் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்துக்கு நீதிமன்றக் கட்டளையின் இலக்கம் எழுதப்பட்டது. அக்கா அந்த வரியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

காணி பார்க்கப் போகும் சகோதரிக்கு

1. தனியே போகவேண்டாம். உங்கள் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரையாவது கூட்டிச் செல்லுங்கள்.

2. உறுதியா, அளிப்பா, பெர்மிற்றா என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும்.

3. காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். ஈடு, வழக்கு ஏதும் இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

4. உறுதியில் உள்ள எல்லைகளை அயலவரோடு நடந்து பாருங்கள். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளவுங்கள். பாதை உறுதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாய்ச்சொல்லில் தந்த பாதையை நாளை முட்கம்பி மறிக்கும்.

5. அற்றோணித் தத்துவத்தில் விற்றால், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள். அவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும்.

6. கோடையில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை பாருங்கள்.

7. முத்திரைச் செலவு, நொத்தாரிசுக் கூலி, அளவைக் கூலி மூன்றுக்கும் காசு ஒதுக்கி வைத்துவிட்டு விலை பேசுங்கள். உறுதி முடிந்ததும் அது பதிவாகிவிட்டதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

உறுதி முடிந்து ஒரு மாதத்தில், நவம்பர் கடைசியில், டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண் சரிந்து வீடுகள் புதையுண்ட செய்தியைப் பார்த்து அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தோட்டத்தில் இன்னும் லயத்தில் இருக்கும் மாமா மகளுக்குத் தொலைபேசியில் பேசிய பிறகுதான் உயிர் வந்தது. "அங்க காணி எல்லாம் என்னா வெல மச்சி?" என்று அவள் என்னிடம் கேட்டாள். விலையை மட்டும் சொல்லவில்லை. இங்கே எழுதிய அத்தனையையும் அவளுக்குச் சொன்னேன்.

மழை விட்டதும் அம்மாவை அக்கராயனுக்குக் கூட்டிச் சென்றேன். எழுபது வயதில் ஒழுங்கைச் சேற்றைத் தாண்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சீலைத் தலைப்புக்குள் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். பிரித்தால், ரோசாத் தடி!

"இந்த வெயிலுக்கு இது தாங்காது அம்மா" என்றேன்.

"கெணத்தடி நெழல்ல வைப்போம். தாங்குற வரைக்கும் தாங்கட்டும்" என்றார்.

வைத்திருக்கிறோம். இதை எழுதும்போது இரண்டு தளிர் விட்டிருக்கிறது. கோடை வரட்டும், பார்ப்போம்.